லாரி ஸ்பீடு சென்சார்: சோதிக்கும் முறையும் மாற்றும் முறையும்

மீட்டர் முள் எழவில்லை, கிலோமீட்டர் ஏறவில்லை என்று ஒரு லாரி வந்து நின்றால் பல பட்டறைகளில் முதலில் கிளம்புவது ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகும் ஆள்தான். புதுச் சென்சார் வரும், மாட்டுவார்கள், முள் அப்படியே படுத்திருக்கும். அதற்கப்புறம்தான் ஒயரைப் பார்க்கத் தொடங்குவார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதிச் செலவு மிச்சம். கெட்டுப்போவது பெரும்பாலும் கப்ளர் (ஒயரைச் சென்சாரோடு இணைக்கும் பிளக்), எர்த், உரசிப்போன ஒயர். சென்சார் அப்புறம்தான்.

கீழே சொல்வதெல்லாம் 24 வோல்ட் லாரிகளில் கியர் பாக்ஸின் பின்பக்கம் உட்கார்ந்து, வெளித்தண்டு சுற்றுவதற்கேற்ப மீட்டருக்கு மின்துடிப்பு அனுப்பும் ஸ்பீடு சென்சாருக்கு. 12 வோல்ட் சிறு லாரிகளுக்கும் முறை இதுதான், எண்கள் மட்டும் மாறும்.

1. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று முதலில் கேளுங்கள்

டிரைவரிடம் "மீட்டர் ஓடலையா?" என்று மட்டும் கேட்டால் போதாது. முள்ளும் கிலோமீட்டரும் சேர்ந்தே நின்றுவிட்டனவா, ஒன்று மட்டுமா என்று கேளுங்கள். கிலோமீட்டர் ஏறிக்கொண்டிருக்கிறது, முள் மட்டும் எழவில்லை என்றால் சிக்னல் வருகிறது என்று அர்த்தம். கோளாறு மீட்டர் போர்டுக்குள். கியர் பாக்ஸ் பக்கமே போக வேண்டாம்.

இரண்டும் நின்றிருந்தால் சிக்னல் வரவில்லை. மேடுபள்ளத்தில் மட்டும் முள் துள்ளினால் கப்ளருக்குள் தளர்ந்துபோன பின் (pin) அல்லது அறுந்தும் அறாமலும் இருக்கும் ஒயர். முள் சரியாக இருக்கிறது, ஆனால் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, குரூஸ் கன்ட்ரோல் பிடிக்கவில்லை என்றால், மீட்டருக்குப் போகும் கிளை நன்றாக இருக்கிறது, எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகும் கிளை கெட்டிருக்கிறது.

ஸ்கேனர் இருந்தால் மாட்டி, கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணை, அதாவது கோடை (code), பாருங்கள். கனரக வண்டிகளில் வாகன வேகத்துக்கு எஸ்.பி.என். (எதில் கோளாறு என்று சொல்லும் எண்) 84 வரும், சிறு வண்டிகளில் பி 0500. எஸ்.பி.என்-னுக்குப் பக்கத்தில் வரும் எஃப்.எம்.ஐ. எண்தான் முக்கியம், என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்வது அதுதான். 3, 4, 5 என்றால் மின்சுற்றில் கோளாறு: ஷார்ட் அல்லது ஒயர் அறுந்தது. 2 அல்லது 8 என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் தாறுமாறாக வருகிறது. கோடு வந்துவிட்டது, அதனால் சென்சார் போச்சு என்று முடிவு கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கோடு காட்டுவது சுற்றை. பொருளை அல்ல.

இன்னொன்று: பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கச் சக்கரங்களில் இருக்கும் ஏ.பி.எஸ். சென்சார் வேறு, இது வேறு. பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி) வண்டிகள் சிலவற்றில் மீட்டருக்கான வேகமே ஏ.பி.எஸ். பெட்டியிலிருந்து கேன் ஒயர் (கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் ஒயர்) வழியாக வரும். அந்த வண்டியில் கியர் பாக்ஸில் சென்சாரைத் தேடிக்கொண்டு படுத்திருப்பது வீண். ஒயரிங் படத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை துடிப்பு) அளக்கும் வசதியுள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர், பின்பக்கத்திலிருந்து கப்ளருக்குள் நுழைக்க மெல்லிய ஊசி முனைகள், நீளமான இரண்டு ஒயர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 24 வோல்ட் 5 வாட் பல்பு ஹோல்டருடன் (சப்ளை ஒயரைச் சோதிக்க மட்டும்), கான்டாக்ட் கிளீனர், ஒரு அரம், டார்ச், எண்ணெய் பிடிக்கத் தட்டு, புது ஓ ரிங் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்). அரம் எதற்கு என்று ஐந்தாவது பகுதியில் வரும்.

சாதாரண பல்பு டெஸ்ட் லைட்டை இந்த வேலைக்கு ஒதுக்கி வையுங்கள். 21 வாட் பல்பு 24 வோல்ட்டில் கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர் இழுக்கும். சென்சாருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் தாங்குவது மில்லி ஆம்பியர் கணக்கில்தான். சிக்னல் ஒயரில் பல்பை வைத்த நொடியில் நல்ல சென்சார் கெட்ட சென்சார் ஆகிவிடும், அப்புறம் "பார்த்தீங்களா, சென்சார்தான் போயிருக்கு" என்பார்கள்.

3. வண்டியை நிறுத்துவது

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை போடுங்கள். கியர் பாக்ஸ் ஆறட்டும். ஓடி வந்த வண்டியில் கியர் ஆயில் கையைச் சுட்டுவிடும்.

பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைக்க வேண்டியிருந்தால், பி.எஸ். 6 வண்டியில் சாவியைத் திருப்பியதும் அணைக்காதீர்கள். எஞ்சின் நின்ற பிறகு, புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசலின் பம்பு குழாயில் மீதமுள்ளதைத் திரும்ப இழுத்துக்கொள்ளச் சில நிமிடம் வேண்டும். இடையில் கரன்ட்டை வெட்டினால் யூரியா குழாயிலேயே உப்புப் போல் படிந்து இறுகி, ஸ்பீடு சென்சாரைவிடப் பெரிய செலவு வரும்.

பின் அச்சை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிச் சோதிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். ஏர் பிரேக் லாரியில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தைத்தான். அதை விட்டால்தான் சக்கரம் சுற்றும். அப்போது வண்டியைப் பிடித்திருப்பது முன் சக்கரக் கட்டை மட்டும். கீழே ஆள் படுத்திருக்கும்போது இந்த ஏற்பாடு வேண்டாம். ஆறாவது பகுதியில் சொல்லும் முறைக்குச் சக்கரம் சுற்ற வேண்டிய தேவையே இல்லை.

4. கண்ணால் பார்ப்பது

மல்டிமீட்டரை எடுக்கும் முன் டார்ச்சை எடுங்கள். சென்சாரிலிருந்து சேஸிஸ் வரை ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு மேல் தொங்கும் இடம், சைலன்சருக்குப் பக்கம், சேஸிஸ் ஓட்டை வழியாக நுழையும் இடம், இந்த மூன்றும்தான் வழக்கமான உரசல் இடங்கள்.

கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சைப் பூஞ்சை போல் படிந்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வாட்டர் சர்வீஸ் அடித்த மறுநாள் வரும் மீட்டர் கோளாறில் இது சகஜம். எண்ணெய் நிரம்பியிருந்தால் சென்சாரின் சீல் போய், கியர் ஆயில் அதன் உடம்பு வழியாகவே கசிந்து வந்திருக்கிறது. அந்தச் சென்சாரை மாற்றத்தான் வேண்டும். ஒவ்வொரு பின்னையும் மெதுவாகப் பின்னாலிருந்து இழுத்துப் பாருங்கள். பூட்டு உடைந்திருந்தால், கப்ளர் மாட்டும்போது அந்தப் பின் பின்வாங்கிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

அப்புறம் நடுவில் வெட்டி ஒட்டிய இடம். ஸ்பீடு கவர்னர் (வேகம் எல்லை தாண்டாமல் தடுக்கும் கருவி) வெளியில் வாங்கிப் பொருத்திய வண்டிகளிலும், ஜி.பி.எஸ். பொருத்திய வண்டிகளிலும் சிக்னல் ஒயரைத் தோல் சீவி முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். டேப்பைப் பிரித்துப் பாருங்கள். செம்பு கறுத்துப் பொடியாகியிருந்தால் தேடியது கிடைத்துவிட்டது. அந்த இணைப்பைத் தற்காலிகமாகப் பிரித்துவிட்டு, ஒயரை நேராகச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். முள் எழுந்தால் சிக்னலைக் கீழே இழுத்தது அந்தக் கூடுதல் கருவி.

5. மூன்று ஒயரையும் அளப்பது

இன்றைய லாரிகளில் பெரும்பாலும் இருப்பது ஹால் வகை, காந்தப்புலம் மாறுவதை உணர்ந்து துடிப்பு அனுப்புவது. மூன்று ஒயர்: சப்ளை, எர்த், சிக்னல். சில வண்டிகளில் நான்காவதாக ஒன்றும் இருக்கும். ஹால் சென்சாருக்கு ஓம் அளப்பதில் பொருளில்லை. உள்ளே எலக்ட்ரானிக் சுற்று இருக்கிறது, மீட்டர் காட்டும் எண்ணை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. அளக்க வேண்டியது வோல்ட், இந்த வரிசையில்.

*சப்ளை.* கப்ளரைக் கழற்றி, இக்னிஷன் ஆன் செய்து, ஒயரிங் பக்கம் சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அளங்கள். வண்டியைப் பொறுத்து 5, 8, 12 அல்லது பேட்டரியின் முழு 24 வோல்ட் வரும். எது என்று படத்தில் இருக்கும். எதுவும் வரவில்லை என்றால் ஃபியூஸ். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் காட்டினால், அதே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே இழுக்கும். எதைக் கழற்றும்போது 5 திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி.

*எர்த்.* இப்போது கறுப்பு முனையைப் பேட்டரியிலிருந்து எடுத்து, கப்ளரின் எர்த் பின்னில் வையுங்கள். முன்பு வந்த அதே எண் வர வேண்டும். குறைந்தால் எர்த் சரியில்லை. புதியவர்கள் சேஸிஸில் கறுப்பு முனையை வைத்து சப்ளையை மட்டும் பார்த்துவிட்டு "கரன்ட் வருது" என்று எழுந்துவிடுகிறார்கள். கரன்ட் வருவது மட்டும் போதாது, திரும்பிப் போகவும் வழி வேண்டும்.

*பாரம் வைத்துப் பார்ப்பது.* பத்து இழையில் ஒன்பது அறுந்த ஒயரும் மல்டிமீட்டரில் முழு வோல்ட்டைக் காட்டும். மீட்டர் ஏறக்குறைய கரன்ட்டே இழுப்பதில்லை என்பதுதான் காரணம். சப்ளை பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராக வரும் 24 வோல்ட்டாக இருந்தால் மட்டும், சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் அந்த 5 வாட் பல்பை வையுங்கள். பிரகாசமாக எரிந்தால் இரண்டு ஒயரும் நலம். மங்கினால் எங்கோ பிடிக்காத இடம் இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து வரும் 5 அல்லது 8 வோல்ட்டில் பல்பை வைக்கவே கூடாது. அங்கே கப்ளரை மாட்டிவிட்டு, பின்னாலிருந்து ஊசி நுழைத்து, எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அளங்கள், 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

*சிக்னல்.* கப்ளர் கழன்ற நிலையில், இக்னிஷன் ஆன் செய்து, சிக்னல் பின்னை அளங்கள். பல வண்டிகளில் மீட்டர் போர்டோ கம்ப்யூட்டரோ அந்த ஒயரில் ஒரு வோல்ட்டை நிறுத்தி வைத்திருக்கும். சென்சார் அதை விட்டு விட்டு எர்த்துக்கு இழுத்துத் துடிப்பை உண்டாக்கும். வோல்ட் வந்தால் கேபின் வரை ஒயர் அறுபடவில்லை என்று தெரிந்துவிடும்.

இங்கேதான் அரம். வோல்ட் வந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். அரத்தின் காம்புப் பக்கத்தை ஒரு ஒயரால் எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். சிக்னல் பின்னிலிருந்து ஒரு ஒயர் எடுத்து, இடையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, அதன் வெறும் நுனியை அரத்தின் பற்கள் மேல் வேகமாக இழுங்கள். ஒவ்வொரு பல்லிலும் தொட்டு விட்டுத் தொட்டு விட்டுப் போவதால் சென்சார் அனுப்புவது போன்ற துடிப்பு போகும். கேபினில் ஒருவர் உட்கார்ந்து முள்ளைப் பார்க்கட்டும். முள் துள்ளினால் கப்ளரிலிருந்து மீட்டர் வரை எல்லாம் நலம். மிச்சம் இருப்பது சென்சாரும் அது பார்க்கும் பல்சக்கரமும்தான். வெறுமனே கையால் தட்டினால் முள் அசையாது. நொடிக்கு நாலைந்து துடிப்பு என்பது வண்டி நடை வேகத்தைக்கூட எட்டாத கணக்கு.

ஒயரின் தோலில் ஊசியைக் குத்தி அளக்காதீர்கள். அந்தத் துளை வழியாக மழைத் தண்ணீர் போய், செம்பு அரித்து, சில மாதத்தில் இதே வண்டி இதே குறையோடு திரும்பி வரும்.

6. சென்சாரைக் கழற்றி விரலால் சுற்றுவது

ஒயர் எல்லாம் நலம் என்றால்தான் இந்தக் கட்டத்துக்கு வர வேண்டும். சுற்றிலும் உள்ள மண்ணைக் கழுவித் துடைத்துவிட்டுச் சென்சாரைக் கழற்றுங்கள். ஒரு சிட்டிகை மணல் கியர் பாக்ஸுக்குள் விழுந்தாலும் பேரிங்குக்கு நல்லதில்லை. கழற்றியதும் ஓட்டையைச் சுத்தமான துணியால் மூடுங்கள்.

கப்ளரை மறுபடி மாட்டி, இக்னிஷன் ஆன் செய்து, சிக்னல் ஒயரில் பின்னாலிருந்து ஊசி வைத்து டி.சி. வோல்ட் பாருங்கள். நுனியில் சுழலும் தண்டு உள்ள வகை என்றால் தண்டை விரலால் மெதுவாகத் திருப்புங்கள். வோல்ட் மேலே போய்க் கீழே வந்து, மேலே போய்க் கீழே வர வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை தடவை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். புதுச் சென்சார் வாங்கும்போது அந்த எண் தேவைப்படும். தண்டு இல்லாத வகை என்றால், நுனிக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒரு ஸ்பேனரை முன்னும் பின்னும் கடத்துங்கள். இரும்பு கடக்கும்போதெல்லாம் வோல்ட் மாறும்.

மாறாமல் மேலேயே அல்லது கீழேயே நின்றால் சென்சார் செத்துவிட்டது. சந்தேகமில்லாமல் வாங்கப் போகலாம். ஒழுங்காக மாறுகிறது, ஆனால் வண்டியில் ஓடும்போது வேலை செய்யவில்லை என்றால் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்டைச் சுற்றும் நைலான் பினியன் பல் தேய்ந்திருக்கலாம், அல்லது நுனியில் இரும்புத் தூள் அப்பியிருக்கலாம். தூள் கொஞ்சமாக இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கண்ணில் படும் அளவில் துணுக்குகள் இருந்தால் கியர் பாக்ஸுக்கே வேறு வைத்தியம் வேண்டும்.

7. இரண்டே ஒயர் இருந்தால்

அது காயில் வகை. சப்ளை வேண்டாம், பல் கடக்கும்போது தானே ஏ.சி. வோல்ட்டை உண்டாக்கும். இதற்கு ஓம் அளக்கலாம். வகையைப் பொறுத்துச் சில நூறிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரை காட்டும். எண்ணே காட்டாமல் 'ஓ.எல்.' என்று நின்றால் காயில் அறுந்தது. ஒரு முனையை உடம்பில் வைத்தும் அளங்கள். அங்கே தொடர்பே இருக்கக் கூடாது.

இதன் வோல்ட் வேகத்தோடு ஏறும். அதனால் மெதுவாகப் போகும்போது முள் எழாமல், வேகம் பிடித்ததும் எழுந்தால் இடைவெளி அதிகமாக இருக்கிறது என்று நினைக்கலாம்.

8. வாங்கும் முன்

பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மரை ஒன்றாக இருக்கும், கப்ளர் ஒன்றாக இருக்கும், உள்ளே வேறாக இருக்கும். பார்க்க வேண்டியவை: பார்ட் எண், சப்ளை வோல்ட், நுனியின் நீளம், ஒரு சுற்றுக்கான துடிப்பு எண்ணிக்கை.

நீளம் கூடினால் நுனி பல்சக்கரத்தில் இடித்து உடையும். குறைந்தால் சிக்னல் வராது. துடிப்பு எண்ணிக்கை மாறினால் முள் வேலை செய்யும், ஆனால் பொய் சொல்லும். 8 துடிப்பு வர வேண்டிய இடத்தில் 4 துடிப்பு சென்சாரை மாட்டினால் 60-ல் போகும் வண்டி 30 காட்டும், கிலோமீட்டரும் பாதிதான் ஏறும். டீசல் மைலேஜ் கணக்கில் ஓனருக்கும் டிரைவருக்கும் சண்டை மூள இது ஒன்றே போதும்.

9. மாட்டுவது

பழைய ஓ ரிங் ஓட்டைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். அதன் மேல் புதியதை வைத்து இறுக்கினால் சென்சார் முழுதாக உட்காராது. புது ஓ ரிங்கில் அதே கியர் ஆயிலைக் கொஞ்சம் தடவிக்கொள்ளுங்கள். உலர்ந்து போனால் முறுக்கிக் கிழியும்.

மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். துணுக்கு உள்ளே விழும். உடம்பு வழியாக எர்த் எடுக்கும் வகை என்றால் எர்த்தும் கெடும்.

முதல் மூன்று நான்கு சுற்றும் கையால்தான். ஸ்பேனரோடு தொடங்கினால் அலுமினிய ஹவுசிங்கில் மரை குறுக்கே ஏறிவிடும். காலர் உள்ள வகையை முழுதாக இறுக்க வேண்டும், கம்பெனி சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசை அளவில்). ஒற்றை 6 மில்லி போல்ட்டால் பிடிக்கும் வகைக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு போதும். இரும்புப் போல்ட்டை இறுக்குவது போல் இறுக்கினால் பிளாஸ்டிக் காது உடையும்.

லாக் நட் உள்ள வகைக்குத்தான் இடைவெளி வைக்க வேண்டும். பெரும்பாலான தவறு இங்கே நடக்கிறது. முதலில் ஓட்டை வழியாகப் பார்த்து, எதிரே பல் நிற்கிறதா, பல்லிடுக்கு நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இடுக்கு என்றால் கட்டைகளை எடுத்து, கீழே யாரும் இல்லாதபோது வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி நிறுத்துங்கள். பல் எதிரே வந்ததும், நுனி தொடும்வரை கையால் திருகி, அரைச் சுற்று பின்னால் எடுத்து லாக் நட்டைப் பூட்டுங்கள். 18 மில்லி மரையில் ஒரு சுற்று 1.5 மில்லிமீட்டர், அரைச் சுற்று 0.75. இடுக்கைத் தொட்டுவிட்டு அரைச் சுற்று எடுத்தால், வண்டி கிளம்பிய முதல் அடியிலேயே பல் வந்து நுனியை அடிக்கும்.

கப்ளருக்குப் போகும் ஒயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றிக் கட்டுங்கள். வழிந்து வரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், கப்ளருக்குள் போகாது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலிருந்தும் சைலன்சரிலிருந்தும் தள்ளிக் கட்டுங்கள். கழற்றும்போது கியர் ஆயில் வழிந்திருந்தால் அளவு பார்த்து ஊற்றுங்கள்.

10. ஓட்டிப் பார்ப்பதும் சீலும்

ஸ்கேனரில் கோளாறு கோடை அழித்துவிட்டு, ஜி.பி.எஸ். உள்ள போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். 40-லும் 60-லும் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மீட்டர் ஓரிரண்டு கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் தப்பினால் சென்சார் நல்லதுதான், துடிப்பு எண்ணிக்கையோ கிலோமீட்டருக்கான அளவீடோ பொருந்தவில்லை. டயர் சைஸையோ டிஃபரன்ஷியல் விகிதத்தையோ மாற்றிய வண்டியில் இது வரும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஹெர்ட்ஸை அளந்து கணக்குப் போடுங்கள். உதாரணமாக டயர் ஒரு சுற்றுக்கு 3.2 மீட்டர், டிஃபரன்ஷியல் விகிதம் 6, கியர் பாக்ஸ் வெளித்தண்டு ஒரு சுற்றுக்கு 8 துடிப்பு என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 250 துடிப்பு வர வேண்டும். மல்டிமீட்டர் ஒயரைக் கேபினுக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் ஓட்டட்டும், பார்ப்பவர் பார்க்கட்டும்.

ஸ்பீடு கவர்னர் உள்ள வண்டியில் சென்சார் இணைப்புக்குச் சீல் வைத்திருப்பார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 118-ஆவது விதிப்படி 2015 அக்டோபர் 1 முதல் தயாரான சரக்கு வண்டிகளுக்கு 80 கிலோமீட்டர் எல்லை. டிப்பர், டேங்கர்களுக்கு 60. சீலை உடைத்து வேலை பார்த்திருந்தால், கவர்னர் பொருத்திய டீலரிடமே கொண்டுபோய் மறுபடி சீல் வைத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி நெருங்கியிருக்கும் வண்டி என்றால் வேலையைத் தொடங்கும் முன்பே இதை ஓனரிடம் சொல்லிவிடுங்கள். சீல் வைக்க ஆகும் நாளையும் சேர்த்துத்தான் அவர் அடுத்த லோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.